சுண்ணாம்புக்கு ஆகாத சக்கரம்

பாரிவாக்கம்,
15-9-2025

அக்காவுக்கு,

பாஸ்கரன் எழுதுகிறேன். உனக்குப் போன் போட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று உன் மகன் கோகுல்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம். இதற்கு முன்னால் நான் கைப்பட எழுதியது பள்ளிக்கூடத்து லீவு லெட்டர்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பிரியா வானகரத்தில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள். மறுவீட்டுக்கு வந்தபோது அத்தை எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். திருமுல்லைவாயில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போயிருக்கிறாய், கோகுலுக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் சொன்னேன். தலை தீபாவளிக்கு அவளும் மாப்பிள்ளை வினோத்தும் இங்கே வருகிறார்கள். அதற்குள் நீ வந்துவிட வேண்டும்.

மண்டப வாசலில் நடந்ததை நீ தப்பாக எடுத்துக்கொண்டாய். அதை விளக்கத்தான் எழுதுகிறேன்.

மாமாவின் பியட் காரை மாப்பிள்ளை அழைப்புக்கு நீ கொடுத்தபோது அந்த நான்கு அலுமினியச் சக்கரமும் எப்படி இருந்தன என்று உனக்குத் தெரியும். மாமா புதுப்பேட்டையில் தேடி அலைந்து வாங்கிப் போட்டவை. அவர் போன பிறகு ஷெட்டில் நின்று நின்று, மேலே பூசியிருந்த வார்னிஷ் மஞ்சளாகிச் செதில் செதிலாக உரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் உலோகத்துக்குப் பாலிஷ் போடும் பஃபிங் பட்டறை வைத்திருக்கும் இருதயராஜும் அதை எப்படி மீட்டோம் என்று யாரும் பார்க்கவில்லை. டயரைக் கழற்றி, பழைய வார்னிஷை மருந்து போட்டு உரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தண்ணீர் எமரித் தாளை முரட்டில் தொடங்கி நைஸ் வரைக்கும் ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். ஒரு தாளின் கோடு மறையாமல் அடுத்த தாளுக்குப் போனால் கடைசியில் அந்தக் கோடு பல்லை இளிக்கும். அப்புறம் துணிச் சக்கரத்தில் பாலிஷ் சோப்பைத் தடவி மெஷினில் பிடித்தோம். கறுப்பு மசி போக, மைதிலிக்குத் தெரியாமல் சப்பாத்தி மாவை எடுத்துப் போய்த் துடைத்தோம். உன் தம்பி பெண்டாட்டி மாவு டப்பாவைப் பார்த்துப் போட்ட சத்தம் பூந்தமல்லி வரை கேட்டிருக்கும். கன்னிகாதானம் செய்யும்போதுகூட என் நகக்கண் கறுப்பாகத்தான் இருந்தது.

இருதயராஜ் மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிடலாம் என்றார். வார்னிஷ் அடித்தால் பளபளப்பு ஒரு சுற்று மங்கும், கல்யாணம் முடியட்டும் என்று நான்தான் நிறுத்தினேன். ஆக அன்றைக்கு அது வெறும் அலுமினியம். ஆரத்தித் தண்ணீரில் என்ன இருக்கிறது? மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்புக்கும் அலுமினியத்துக்கும் ஜென்மப் பகை. நான் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். சுண்ணாம்பு மூட்டைக்குப் பக்கத்தில் அலுமினிய ஏணியைக்கூடச் சாய்த்து வைக்க விடமாட்டேன். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் முன்சக்கரத்தில் ஊற்றினால் எனக்கு எப்படி இருக்கும்? அந்தப் பதற்றத்தில் ஒரு வார்த்தை சத்தமாக வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதற்குச் சாப்பிடாமல்கூட மண்டபத்தை விட்டுப் போக வேண்டுமா?

நிறையப் பேர் உன்னைக் கேட்டார்கள். எனக்குத் தர்மசங்கடமாக இருந்தது.

பாஸ்கரன்


ஓசூர்,
21-9-2025

பாஸ்கரனுக்கு,

சுண்ணாம்பைப் பற்றியும் அலுமினியத்தைப் பற்றியும் விவரமாகப் பாடம் எடுத்திருக்கிறாய். சந்தோஷம். எமரித் தாளில் எத்தனை ரகம் உண்டு என்று எனக்கு இப்போது தெரியும். நீ என்ன சொன்னாய் என்பது மட்டும் உன் கடிதத்தில் இல்லை. "ஒரு வார்த்தை" என்று போட்டிருக்கிறாய். அதை எழுதக் கை வரவில்லை போலிருக்கிறது. நான் எழுதுகிறேன்.

"உன்ன யாரு கை வெக்கச் சொன்னது? நீ கை வெச்ச, எல்லாம் பாழாப் பூட்ச்சு."

இதுதான் நீ சொன்னது. மேளம் அப்போதுதான் நின்றிருந்தது. அதனால் வாசலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. புருஷனை இழந்தவள் ஆரத்தித் தட்டோடு நிற்கும்போது இந்த வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் சக்கரம் ஞாபகத்துக்கு வராது தம்பி.

யார் கை வைக்கச் சொன்னது என்று கேட்டாய். நீதான். ஆடி மாதம் முடிவதற்கு முன்னாலேயே பத்திரிகை வைக்க என் வீட்டுக்கு வந்து, "மாப்ளைக்கு ஆரத்தி நீதாங்கா எடுக்கணும், வேற யாரும் எடுக்கக் கூடாது" என்று சொன்னாய். எனக்கு வேண்டாம் என்றேன். உன் மாமா போன பிறகு எந்த விசேஷத்திலும் நான் முன்வரிசையில் நிற்பதில்லை. யாரும் என்னைத் தள்ளவில்லை, நானே தள்ளி நின்றுகொள்வேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது. நீ விடவில்லை. அந்தக் காலம் எல்லாம் போய்விட்டது, யார் என்ன சொல்லிவிடுவார்கள், நான் இருக்கிறேன் என்று மார்தட்டினாய். பிரியாவும் போனில் கெஞ்சினாள். அவள் கல்யாண ஜாக்கெட்டை நான்தான் தைத்தேன். கையில் மாங்காய் டிசைன் போட்டு முடிக்கும்போது, போகட்டும், குழந்தைகள் ஆசைப்படுகின்றன என்று மனசு இளகிவிட்டது.

சரி, ஒளிப்பானேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். அந்த நிறத்தை நான் கட்டி வருஷங்கள் ஆகின்றன. ஆரத்தி எடுக்கும்போது தட்டை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதுகூட மறந்துபோய், பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தம்மாளிடம் கேட்டுக்கொண்டேன். நீ கத்தினதைவிட, அந்தப் புடவையில் நான் நின்றதுதான் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் இவளுக்கு என்ன ஆசை என்று எல்லோரும் பார்த்தது போல இருந்தது.

உன் மனைவி மைதிலி என் பக்கத்தில் நின்று தட்டின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தாள். நீ கத்தியதும் கையை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா தன் பெண்ணைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கம் சமையல்காரர்கள் அண்டா கழுவும் இடத்தில் போய் நின்றேன். அங்கே ஒரு பெண், "இன்னாம்மா, மயக்கமா கீதா?" என்று ஸ்டூல் போட்டு உட்காரவைத்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். நீ வரவில்லை. முகூர்த்தம் முடியும்வரை நீ வரவில்லை.

காரை நீயே வைத்துக்கொள். தேய்த்துக்கொண்டிரு.

வசந்தகுமாரி

பி.கு: தீபாவளிக்குத் தைக்க வாங்கிய ஜாக்கெட் துணிகள் வீட்டில் அப்படியே இருக்கின்றன. துணி கொடுத்தவர்கள் போனில் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்காகவாவது ஒருநாள் நான் வர வேண்டியிருக்கும். உன் வீட்டுக்கு வருவதாக நினைத்துக்கொள்ளாதே.


பாரிவாக்கம்,
25-9-2025

அக்கா,

உன் கடிதம் கடையில் இருக்கும்போது வந்தது. பெயிண்ட் வாங்க வந்த ஆள் நிற்க, கல்லாவில் உட்கார்ந்தே படித்தேன். அந்த ஆள் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, அப்பால வரேன்" என்று போய்விட்டான். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

நான் சொன்ன வார்த்தையை நீ எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. சொன்னது தப்பு. சொன்ன இடம் அதைவிடத் தப்பு. பின்னால் வந்து உன்னைத் தேடாதது எல்லாவற்றையும்விடத் தப்பு. மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப்போக வேண்டும், ஐயர் கூப்பிடுகிறார், வீடியோக்காரர் கூப்பிடுகிறார் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்தால் உன் பக்கம் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் நீ நம்ப வேண்டும் அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், நான் சக்கரத்தைத்தான் சொன்னேன். "பாழாப் பூட்ச்சு" என்றது பாலிஷை. உன்னை அல்ல. உன்னை நான் அப்படி நினைப்பேனா? அப்பா செத்த பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் நீ. கடை வைக்க வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் நீ. ஊர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், நீ அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

நேற்று இருதயராஜ் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். முன்பக்கம் இடது சக்கரத்தில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக அரித்திருக்கிறது. நடுவில் தண்ணீர் வழிந்த தடம் தெரிகிறது. வெறும் பாலிஷ் சோப்புக்கு அசையவில்லை. மறுபடியும் எமரித் தாளில் தொடங்க வேண்டும். தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் போகும், பழைய சக்கரம், அடிக்கடி இந்த வேலை கூடாது என்று இருதயராஜ் சொன்னார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். ஆரத்தித் தண்ணீர் பட்டுவிட்டது என்றேன். யார் ஊற்றியது என்றார். கூட்டத்தில் யாரோ என்று சொல்லிவிட்டேன். அவரிடம்கூட உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரியா தினமும் கேட்கிறாள். கோகுலுக்குக் காய்ச்சல் இன்னுமா போகவில்லை என்கிறாள். தலை தீபாவளிக்கு வாசலில் ஆரத்தி எடுக்க அத்தை வருவாளா என்று நேராகவே கேட்டுவிட்டாள். என்ன சொல்லட்டும்?

வந்துவிடு அக்கா. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

பாஸ்கரன்


ஓசூர்,
30-9-2025

பாஸ்கரா,

காலில் எல்லாம் விழ வேண்டாம். உனக்கு இடுப்பு வலி, எழுந்திருக்க நான்தான் தூக்க வேண்டியிருக்கும்.

கடிதத்தைக் கோகுல் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருந்தேன். அவன் கோபமாக இருக்கிறான். மாமா வீட்டுப் பக்கமே போகாதே என்கிறான். அவனுக்கு நடந்தது முழுக்கத் தெரியாது. தெரிந்த அளவே போதும் என்று விட்டுவிட்டேன்.

நீ சத்தியம் செய்திருக்கிறாய். சக்கரத்தைத்தான் சொன்னேன் என்கிறாய். உன் முதல் கடிதத்தைப் படித்தபோது நானும் கொஞ்சம் தடுமாறினேன். ஒருவேளை அப்படித்தானோ, நாம்தான் எல்லாவற்றையும் நம்மேல் போட்டுக்கொள்கிறோமோ என்று நினைத்தேன். அப்படி இருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருக்கும் தெரியுமா? அதற்காகவே அந்த நிமிஷத்தை மறுபடி மறுபடி மனசில் ஓட்டிப் பார்த்தேன்.

நீயும் ஓட்டிப் பார். காரின் முன்கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை இறங்கி நின்றார். நானும் மைதிலியும் தட்டைச் சுற்றினோம். நான் விரலில் தொட்டு மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்தேன். அதன் பிறகு தண்ணீரை வாசல் ஓரமாக, கோலத்துக்கு அந்தப் பக்கம் கொட்டலாம் என்று திரும்பினேன். பூங்காவனத்தம்மாள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், தெருவில்தான் கொட்ட வேண்டும் என்று. காரின் மேல் கொட்ட எனக்கு என்ன பைத்தியமா? அது என் புருஷன் கார். அந்தச் சக்கரத்தை அவர் எப்படித் துடைப்பார் என்று உன்னைவிட எனக்குத் தெரியும்.

நான் திரும்பும்போதுதான் நீ கத்தினாய். தட்டு என் கையில் நிறைந்து இருந்தது. ஒரு சொட்டு கீழே விழவில்லை. நீ கத்தினாய், மைதிலி கையை எடுத்தாள், எனக்குக் கை உதறியது, தட்டு சாய்ந்தது. அப்போதுதான் சக்கரத்தில் கொட்டியது.

தண்ணீர் படாத சக்கரத்துக்காக நீ கத்தினாயா?

வீடியோவில் இருந்தாலும் இருக்கும். போட்டுப் பார்.

நாளைக்கு ஆயுத பூஜை. கோகுலின் பைக்கைத் துடைத்துப் பொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள் மருமகள். நான் மாட்டேன் என்றேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. நல்ல பெண். அவளுக்கு எதையும் விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

வசந்தா


பாரிவாக்கம்,
4-10-2025

அக்கா,

நான் வீடியோ பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நீ சொல்வதுதான் நடந்தது.

இதை எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். மைதிலி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கும் என் முகத்தைப் பார்க்கச் சங்கடம். நீங்கள் கத்தினதால்தான் நான் கையை எடுத்தேன் என்று என்மேல் பழி போடுகிறாள். அதுவும் உண்மைதான்.

நீ பொட்டு வைத்துவிட்டுத் திரும்பியபோது மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக, "இவங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். உன்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

இன்னும் தாலி ஏறவில்லை. கல்யாணமே இவர்கள் கையில் இருக்கிறது. விதவையை நிறுத்தி எங்கள் பிள்ளைக்கு ஆரத்தி எடுத்தீர்களா என்றுதான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஆமாங்க, எங்க அக்கா. நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். ஆறே வார்த்தை. உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மார்தட்டின வாய்தானே இது. வரவில்லை அக்கா. நான் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள் என்று அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. கண் எதிரே சக்கரம் பளபளவென்று இருந்தது. அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். "உன்ன யாரு கை வெக்கச் சொன்னது" என்று நான் கத்தியது உன்னைப் பார்த்து. ஆனால் அது அந்த அம்மா காதில் விழுவதற்காகச் சொன்னது.

அப்புறம் தண்ணீர் கொட்டியது. கறை படிந்தது. எனக்கு நிஜமாகவே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான் கறைக்காகத்தான் கத்தினேன் என்று அன்று ராத்திரிக்குள் நானே நம்பிவிட்டேன். நம்பித்தான் உனக்கு முதல் கடிதத்தில் அத்தனை பக்கம் சுண்ணாம்பைப் பற்றி எழுதினேன். இரண்டாவதில் சத்தியம் வேறு செய்தேன். இப்போது அந்தக் கடிதங்களை நினைத்தால் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது. தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடு.

நான் கோழை அக்கா. இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது. கடையில் யாராவது அளவு குறைத்தால் சண்டை போடுகிறேன், தெருவில் குப்பை கொட்டினால் கவுன்சிலர் வரைக்கும் போகிறேன், அதனால் நான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 

ஆயுத பூஜைக்குக் காரை வெளியே எடுக்கவில்லை. ஷெட்டிலேயே சாம்பிராணி காட்டிவிட்டு வந்துவிட்டேன். 

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. தீபாவளிக்கு வா என்று மட்டும் கேட்கிறேன். பிரியாவுக்காக.

பாஸ்கரன்


ஓசூர்,
9-10-2025

பாஸ்கரா,

படித்தேன். அழுதேன். அப்புறம் எழுந்து துணி துவைத்தேன். அடித்துத் துவைத்ததில் கோகுலின் சட்டைப் பொத்தான் இரண்டு போயிற்று.

நீ இதை எழுதியதற்காக எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறது. நான் பார்த்ததும் கேட்டதும் சரிதான் என்று ஆகிவிட்டதே. அது பெரிய ஆறுதல்.

நானும் ஒன்று சொல்கிறேன். நீ கத்தியபோது எனக்கு முதலில் கோபம் வரவில்லை. இவன் சொல்வது சரிதான் என்றுதான் பட்டது. நாம் கை வைத்திருக்கக் கூடாது, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறது என்று எனக்கே பதறியது. கோபம் எல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, வேலூர் தாண்டின பிறகுதான் வந்தது. என் தம்பி என்னைக் கேவலப்படுத்தியதைவிட, அதை நான் சரி என்று ஒத்துக்கொண்டு தலைகுனிந்து போனதுதான் இப்போதும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உன் மாமா இருந்திருந்தால் தட்டை வாங்கி மறுபடி என் கையில் கொடுத்திருப்பார்.

தீபாவளிக்கு வரச் சொல்கிறாய். வந்து என்ன செய்ய? சமையலறையில் அதிரசம் சுட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வரும்போது பின்கட்டில் நிற்கவா? அல்லது நீ எனக்குப் பரிதாபப்பட்டுத் தட்டைக் கொடுத்து, யாராவது முகம் சுளித்தால் மறுபடி பூக்கூடையையோ கோலத்தையோ சாக்கு வைத்துக் கத்தவா?

என்னிடம் நீ மன்னிப்புக் கேட்டது போதும். எனக்கு அது வேண்டியதில்லை. நீ பதில் சொல்ல வேண்டிய இடம் வானகரத்தில் இருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மாவிடம் போ. அன்றைக்கு அவர் கேட்டதற்கு அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல். பிரியாவுக்கு மாமியார் வீட்டில் சங்கடம் வந்துவிடும் என்று பயப்படுவாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அவளை நானும்தான் வளர்த்தேன். இருந்தாலும் சொல். சொல்லிவிட்டு எழுது. அதற்குப் பிறகு வருவதா வேண்டாமா என்று நான் பார்க்கிறேன்.

வசந்தா


பாரிவாக்கம்,
14-10-2025

அக்கா,

போனேன்.

காரை எடுத்துக்கொண்டுதான் போனேன். சக்கரத்தை இன்னும் தேய்க்கவில்லை. பைபாஸ் பக்கம் வழக்கம் போல லாரியும் தண்ணி டேங்கரும் வரிசையில் நிற்க, ஊர்ந்து ஊர்ந்து போனேன். சொல்ல வேண்டியதை வண்டிக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நல்ல மரியாதை. காபி, முறுக்கு எல்லாம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா காரைச் சுற்றிப் பார்த்து, சக்கரம் புதுசு மாதிரி இருக்கிறதே, யாரிடம் கொடுத்தீர்கள் என்றார். இடது பக்கச் சக்கரம் சுவரோரம் இருந்ததால் கறை அவர் கண்ணில் படவில்லை. நான் இருதயராஜைப் பற்றியும், சப்பாத்தி மாவைப் பற்றியும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். பிரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். வாய்வரை வந்தது. தீபாவளிக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பூந்தமல்லி பக்கம் திரும்பும் வளைவு வரை வந்து வண்டியை ஓரமாக நிறுத்தினேன். உனக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன் என்று பொய் எழுதினால் உனக்குத் தெரியவா போகிறது என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை மறைக்கப்போவதில்லை. அப்புறம் என்மேல் எனக்கே அருவருப்பாகி வண்டியைத் திருப்பினேன்.

அந்த அம்மா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். ஏதாவது மறந்துவிட்டீர்களா என்றார். வண்டியை விட்டு இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன். "அம்மா, அன்னிக்கி ஆரத்தி எடுத்தது எங்க அக்கா வசந்தகுமாரி. நாந்தான் எடுக்கச் சொன்னேன். நீங்க இவங்களான்னு கேட்டீங்க. அப்பவே நான் ஆமான்னு சொல்லியிருக்கணும். தீபாவளிக்கும் அவங்கதான் எடுப்பாங்க." கடைசி வாக்கியம் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது.

அந்த அம்மா கையில் துணியோடு நின்றார். பிறகு சொன்னார்.

"நான் காருக்குச் சொந்தக்காரங்க இவங்களான்னுதாங்க கேட்டேன். ஊட்டுக்காரர் ஆசையா வெச்சிருந்த வண்டி, அக்கா குடுத்தாங்கன்னு வினோத்து சொல்லியிருந்தான். அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க அப்பிடிக் கத்துனீங்க. எங்க பொண்ணு பயந்துபூட்டா. எங்களுக்குன்னா, இவங்க ஊட்ல அக்காவ இப்பிடித்தான் நடத்துவாங்களான்னு ஆயிப்போச்சு."

அக்கா, அந்த வாசலில் உன்னை அப்படிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்த அம்மா கேட்டது ஒரு வார்த்தை. மிச்சத்தையெல்லாம் நான் என் மனசிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்காத கேள்விக்குப் பயந்து, யாரும் சொல்லாததை நான் உன்மேல் சொன்னேன். இனிமேல் ஊரைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை. 

வீட்டுக்கு வந்து பிரியாவுக்குப் போன் போட்டு, கோகுலுக்குக் காய்ச்சலே இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். இன்னும் எடுக்கவில்லை. அத்தையைப் போலவே செய்கிறாள்.

வருவதா வேண்டாமா என்பதை நீ சொல்.

பாஸ்கரன்


ஓசூர்,
16-10-2025

பாஸ்கரா,

கடிதம் இன்று காலை வந்தது. தபாலை நம்பினால் தீபாவளி போய்விடும் என்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். சொன்னால் அழுவேன், நீயும் அழுவாய், விஷயம் ஓடாது.

அந்த அம்மா சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். சம்பந்தி வாசலில் வந்து நின்று இப்படிச் சொன்னதும், நாகரிகமாகச் சமாளித்துச் சொன்னதாகவும் இருக்கலாம். நான் அதைத் தோண்டப் போவதில்லை. நீயும் தோண்டாதே. அவர் மனசில் என்ன இருந்ததோ, அதை அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னது நீ. அதை நீ ஒத்துக்கொண்டாய். எனக்கு அது போதும். போதும் என்று சொல்கிறேனே தவிர, ஆறிவிட்டது என்று சொல்லவில்லை. அதற்கு நாள் ஆகும்.

வளைவு வரை போய்த் திரும்பி வந்தாயே, அந்த இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிரியா நேற்று ராத்திரி என்னோடு பேசினாள். உன்மேல் கொதிப்பில் இருக்கிறாள். இரண்டு நாள் கொதிக்கட்டும், தப்பில்லை. தீபாவளிக்கு வருவாள். நான் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பூந்தமல்லியில் இறங்குவேன். முதலில் என்னைத் திருமுல்லைவாயிலில் விடு. தைக்க வேண்டிய ஜாக்கெட் குவிந்து கிடக்கிறது, ஞாயிறு முழுக்க மிஷினில்தான் இருப்பேன். திங்கட்கிழமை விடியும் முன்னால் வந்து அழைத்துக்கொண்டு போ. அந்த அரக்குப் புடவையைத்தான் கட்டிக்கொள்வேன். 

ஆரத்தி நான் எடுக்கிறேன். தட்டை இரண்டு பேர் பிடிப்பது வழக்கம். மைதிலி வேண்டாம், அவளுக்குக் கோபம் இல்லாமல் சொல்லிவிடு. மறுபக்கம் நீ பிடி. வேட்டியை மடித்துக் கட்டாமல், ஒழுங்காக இறக்கிவிட்டுக்கொண்டு, வாசலில் எல்லோரும் பார்க்க என் பக்கத்தில் நின்று பிடி. ஆம்பளை ஆரத்தித் தட்டைப் பிடிப்பதா என்று அங்கே யாராவது கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

நீ பதில் சொல்.

உன் அக்கா,
வசந்தா